கடல் கொண்டவர்க்குக் கரையில் ஒரு கல்

மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ முப்பத்தைந்து மைல் நீளமுடையது. அத்தனை தூரம் அமைதியாகப் பரந்துகிடக்கும் அந்த நீர் கடலைச் சந்திக்கும் இடத்தை நாம் முகத்துவாரம் என்கிறோம். கோடையிலே மணல் திரண்டு அந்த வாயிலை மூடிவிடும். மாரி பெய்து வயல்வெளிகளிலிருந்து வெள்ளம் இறங்கும்போது, வாவி தானே மணலை உடைத்துக்கொண்டு கடலிற் பாயும். சில ஆண்டுகளில் மனிதரே மண்ணை வெட்டி வழிவிடுவதும் உண்டு. அயலிலே பாலமீன்மடுவில், 1913 ஆம் ஆண்டு எழுப்பப்பெற்ற வெளிச்சவீடு வெண்ணிறமாய் உயர்ந்து நிற்கின்றது. அதன் அடியில் நின்று பார்ப்பவருக்கு ஒரு புறம் கண்ணாடி போன்ற வாவியும், மறு புறம் ஓயாது உடையும் அலையும் ஒருங்கே தோன்றும். வள்ளம் செலுத்துவோர் அஞ்சுவது அவ்விரண்டும் கூடுகின்ற இடத்தைத்தான். ஆழ்கடலிலே புயலைத் தாங்கிய படகும், கரையைக் கண்ட பின்னர் இவ்வாயிலில் உடையும் அலையிற் கவிழ்ந்துவிடலாம்.

நிலத்தில் இறந்தவருக்குச் செய்யவேண்டியதை ஒவ்வொரு சமயத்தவரும் அறிவர். கடல் கொண்டுபோய்த் திருப்பித் தராதவருக்கு என்ன செய்வது? இக்கேள்வி கரையோரத்து மக்களுக்குப் புதிதன்று. உடல் கிடைக்காத போது தர்ப்பைப் புல்லால் உருவமைத்து அதற்குத் தகனக்கிரியை செய்யும் முறை சைவரிடையே உண்டு. எதிரில் உடல் இல்லாமலே தொழுகின்ற காயிப் ஜனாஸாத் தொழுகை இஸ்லாமியரிடையே உண்டு. நீரில் மூழ்கி இறந்தவரை அவர்கள் தியாகிகளின் வரிசையில் வைத்து மதிப்பர். கிறிஸ்தவர்கள் ஆலயத்தில் கூடி, இறந்தவரின் பெயரைச் சொல்லி மன்றாடுவர். ஆடி அமாவாசையன்று மாமாங்கேசுவரர் ஆலயத் தீர்த்தக்கரையைப் பாருங்கள். தந்தையை இழந்தவர்கள் அங்கே பெயர் சொல்லியே எள்ளும் நீரும் இறைக்கின்றனர். உடல் எங்கே கிடக்கிறது என்று அங்கு எவரும் கேட்பதில்லை. பெயர் தெரிந்தாற் போதும்.

ஆயினும் சொல்லப்படும் பெயர், சொல்லுவோர் உள்ளவரைதான் நிற்கும். மூன்று தலைமுறை கடந்தால் அதுவும் நீரோடு போய்விடும். ஆதலினால்தான் கரையோர மக்கள் கல்லை நாடினர். அத்தகைய மூன்று கற்களைப் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். ஒன்று தொலைதூரத்திலுள்ள ஆங்கில நாட்டுக் கிராமமொன்றின் சேமக்காலையில் உள்ளது. மற்றொன்று நம் கடலில் இறந்தவர்களுக்காக வேறொரு நாட்டில் நிற்கின்றது. மூன்றாவது நம் வாவிக்கரையிலேயே இருக்கின்றது.

முதலாவது கல்லைப் பார்ப்போம். இங்கிலாந்தின் தென்கிழக்குக் கரையில் றை என்னும் பழைய பட்டினம் உண்டு. அதன் அருகே, ஆறொன்று கடலிற் சேரும் இடத்தில், றை துறைமுகம் என்னும் சிற்றூர் இருக்கின்றது. அங்குள்ள ஆலயத்தின் சேமக்காலையில், கடற்சட்டையும் உயிர்காப்புக் கச்சையும் அணிந்த படகோட்டி ஒருவனின் கற்சிலை நிற்கின்றது. அதனுடன் பதினேழு பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அப்பதினேழு பேரும் ஒரே நாளில், ஒரே படகில் இறந்தவர்கள்.

அவர்கள் ஏறிச் சென்றது மீன்பிடிப் படகன்று, உயிர்காப்புப் படகு. கப்பல் உடைந்தவர்களைக் காப்பதற்கென்றே கரையில் ஆயத்தமாக வைக்கப்படும் படகு அது. சேர் வில்லியம் ஹிலாரி என்பவர் மான் தீவிலே வாழ்ந்தவர். அத்தீவின் கரையிலே கப்பல்கள் மோதி உடைவதைக் கண்டு மனம் பொறாது, 1824 ஆம் ஆண்டு ஓர் அமைப்பு உருவாக அவர் காரணமானார். பிரித்தானியாவின் உயிர்காப்புப் படகு நிறுவனம் அதுவே. அரசாங்கத்தின் கையை எதிர்பாராது பொதுமக்களின் நன்கொடையிலே நடப்பது அது. அக்காலத்தில் அதன் படகுகளிற் சென்றோர் பெரும்பாலும் அந்தந்த ஊர் மீனவரும் தொழிலாளருமே. வெடியோசை கேட்டதும் செய்த வேலையை விட்டு ஓடிவந்து, முன்பின் அறியாதவரைக் காக்கத் துடுப்புப் பிடித்தனர்.

1928 ஆம் ஆண்டு நவம்பர் 15 ஆம் நாள் விடியுமுன், கடும் தென்மேற்குப் புயலின் நடுவே அலிஸ் என்னும் லற்விய நாட்டுச் சிறு கப்பலும் ஸ்மிர்னா என்னும் ஜேர்மானியக் கப்பலும் மோதிக்கொண்டன. அலிஸ் சேதமுற்று அலைந்தது. செய்தி கிடைத்ததும் றை துறைமுகத்தார் மேரி ஸ்ரான்போர்ட் என்னும் தம் படகைக் கடலில் இறக்க விரைந்தனர். அதற்கு இயந்திரம் இல்லை. பதினான்கு துடுப்புகளும் பாயுமே உண்டு. கடல் வற்றியிருந்த நேரம் அது. ஊரவர் பெருமுயற்சி செய்து படகைச் சேற்றிலும் மணலிலும் தள்ளி, காலை ஆறே முக்கால் மணியளவில் நீரில் விட்டனர்.

படகு புறப்பட்டுச் சில நிமிடங்களே சென்றிருக்கும். இரண்டாவது செய்தியொன்று கரைக்கு வந்தது. அலிஸிலிருந்தோர் அனைவரையும் ஸ்மிர்னாவே ஏற்றிக்கொண்டது, இனிப் படகு தேவையில்லை என்பதே அச்செய்தி. கரையிலிருந்தோர் திரும்பிவரச் சொல்லும் சமிக்கை வெடிகளை மீண்டும் மீண்டும் எறிந்தனர். மழையும் நுரையும் கண்ணை மறைக்க, புயலோடு போராடிய படகோட்டிகள் அவ்வொளியைக் காணவில்லை. படகு சென்றுகொண்டே இருந்தது. ஏறத்தாழ நான்கு மணி நேரத்தின் பின்னர், துறைமுக வாயிலுக்குத் திரும்பிவரும் வேளையிலே, பேரலையொன்றில் அது கவிழ்ந்ததைக் கரையிலிருந்தோர் கண்டனர். பதினேழு பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

படகின் தலைவரோடு அவர் மைந்தர் இருவரும் மாண்டனர். இளைய மகனுக்கு வயது பதினேழு. அவன் உடலைக் கடல் என்றுமே திருப்பித் தரவில்லை. இன்னொருவருடைய உடல் மூன்று மாதங்களின் பின்னர் தொலைவிலுள்ள ஈஸ்ற்போண் கரையில் ஒதுங்கிற்று. ஏனையோரை அச்சேமக்காலையிலே ஒன்றாக அடக்கம் செய்தனர். லற்விய நாட்டின் தூதுவரும் அந்த இறுதிச் சடங்கிற்கு வந்திருந்தார். தம் நாட்டவரைக் காக்கப் புறப்பட்டு உயிரிழந்தவர்கள் அல்லவா அவர்கள்! சிலைக்கான கல்லை வழங்கியவர்கள் மான் தீவின் மக்கள். உயிர்காப்புப் படகு என்னும் எண்ணம் பிறந்த தீவிலிருந்தே அப்படகில் இறந்தவர்களுக்குக் கல் வந்தது.

காரணம் யாது என்று விசாரணை நடந்தது. சாட்சி சொல்ல எவரும் எஞ்சாமையால், உடையும் அலையொன்று படகைப் புரட்டியிருக்க வேண்டும் என்ற ஊகத்துக்கு மேல் எதுவும் துணியப்படவில்லை. இலவம்பஞ்சு அடைத்த அக்காலத்து உயிர்காப்புக் கச்சைகள் நீரை உறிஞ்சிப் பாரமேறிவிட்டன என்ற பேச்சு ஊரில் நெடுங்காலம் இருந்தது. எனினும் யாவரும் ஐயமின்றி அறிந்த உண்மை ஒன்று உண்டு. இரண்டாவது செய்தி சில நிமிடங்கள் முந்தி வந்திருக்குமாயின், படகு புறப்பட்டே இராது. அன்று படகு வெளியேறிய கொட்டகை இன்றும் கடற்கரையில் நிற்கின்றது. அதிலிருந்து மீண்டும் ஒரு படகு இறக்கப்படவில்லை. ஆயினும் 1966 ஆம் ஆண்டு அவ்வூரில் வேறோர் உயிர்காப்புப் படகு நிலையம் திறக்கப்பட்டது. மாண்டவர்களின் ஊர், உதவி செய்யும் தொழிலைக் கைவிட்டுவிடவில்லை.

இனி நம் கடலுக்கு வருவோம். மட்டக்களப்புக் கரையிலிருந்து சில மைல் தூரத்தில், ஐம்பது மீற்றருக்கு மேற்பட்ட ஆழத்தில், பெரிய கப்பலொன்று இடப்பக்கமாகச் சரிந்து கிடக்கின்றது. ஹேர்மிஸ் என்பது அதன் பெயர். விமானந்தாங்கிக் கப்பலாகவே திட்டமிட்டு வரையப்பெற்ற உலகின் முதற் கப்பல் அதுவென்பர். 1919 ஆம் ஆண்டு அது நீரில் இறக்கப்பட்டது. நீளம் அறுநூறு அடி.

1942 ஆம் ஆண்டு ஏப்பிரல் 5 ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, யப்பானியக் கடற்படையின் விமானங்கள் கொழும்பைத் தாக்கின. நான்கு நாட்களின் பின்னர், 9 ஆம் நாள் காலையில், திருகோணமலை தாக்கப்பட்டது. தாக்குதல் வரும் என்பதை முன்னரே அறிந்த பிரித்தானியத் தளபதிகள், முதல் நாள் இரவே கப்பல்களைத் துறைமுகத்தினின்றும் வெளியேற்றினர். ஹேர்மிஸும், அதற்குத் துணையாக வம்பயர் என்னும் அவுஸ்திரேலிய நாசகாரிக் கப்பலும், கரையை ஒட்டித் தெற்கே சென்றன. ஹேர்மிஸுக்குரிய விமானங்களோ கரையிலே விடப்பட்டிருந்தன. விமானந்தாங்கிக் கப்பல் விமானமின்றிச் சென்றது.

காலையில் யப்பானிய வேவு விமானமொன்று மட்டக்களப்புக்கு அப்பால் அக்கப்பல்களைக் கண்டு தன் படைக்குச் செய்தி அனுப்பிற்று. அந்தச் செய்தியைப் பிரித்தானியரும் இடைமறித்துக் கேட்டனர். விரைந்து திருகோணமலைக்குத் திரும்புமாறு கப்பல்களுக்குக் கட்டளை சென்றது. காவலுக்குப் போர் விமானங்களை அனுப்பவும் முயன்றனர். ஆனால் கேட்ட செய்தியை உதவியாக மாற்றுவதற்குக் காலம் போதவில்லை. பத்தரை மணிக்குப் பின்னர் குத்துவிமானங்கள் கூட்டமாக வந்தன. சிறிது நேரத்துள் ஹேர்மிஸ் மூழ்கிற்று. வம்பயரும் அதன்பின் மூழ்கிற்று. இரத்மலானையிலிருந்து புறப்பட்ட போர் விமானங்கள் வந்தபோது, காப்பதற்குக் கப்பல் இல்லை. அதே நாளில் ஹொலிஹொக் என்னும் காவற் கப்பலும், எண்ணெய்க் கப்பல்கள் இரண்டும் இக்கடலிலேயே அழிக்கப்பட்டன. ஹேர்மிஸில் மட்டும், கப்பற்றலைவர் ஒன்ஸ்லோ உட்பட 307 பேர் இறந்தனர்.

அந்நேரத்தில் அவ்வழியே வந்த கப்பலொன்று ஏறத்தாழ அறுநூறு பேரைக் காப்பாற்றியது. அது வீற்றா என்னும் மருத்துவக் கப்பல். முன்னர் இத்தாலியருக்கு உரியதாயிருந்து, போரிலே பிரித்தானியர் கைக்கு வந்தது. வெண்ணிறமும் செஞ்சிலுவையும் தாங்கி வந்த அக்கப்பலை யப்பானிய விமானங்கள் தாக்கவில்லை. மருத்துவக் கப்பலைத் தாக்கலாகாது என்பது 1907 ஆம் ஆண்டு ஹேக் நகரில் நாடுகள் செய்துகொண்ட உடன்படிக்கை. இரண்டாம் உலகப் போரில் அவ்வுடன்படிக்கை பல கடல்களில் மீறப்பட்டதுண்டு. வீற்றாவே அதற்கு முந்திய ஆண்டு தொப்ருக் துறைமுகத்தருகே குண்டுவீச்சுக்கு ஆளாயிற்று. மட்டக்களப்புக் கடலில் அன்று அது காக்கப்பட்டது. எண்ணெய் படர்ந்த நீரில் மிதந்தவர்களை அது ஒவ்வொருவராக ஏற்றிக் கொழும்புக்குக் கொண்டுசென்றது. றை துறைமுகத்துப் படகு செய்யப் புறப்பட்டு முடியாது போன பணியை, இங்கே வீற்றா செய்து முடித்தது.

இறந்தவர்களின் பெயர்கள் எங்கே இருக்கின்றன? பெரும்பாலானோருக்குக் கப்பலும் கடலுமே கல்லறை. கல்லறையற்ற கடற்படையினருக்காகப் பிரித்தானியர் போட்ஸ்மத், பிளிமத், சத்தம் என்னும் மூன்று துறைமுக நகரங்களிலே ஒரே வடிவான மூன்று தூபிகளை அமைத்துள்ளனர். முதலாம் உலகப் போரின் பின்னர் 1924 ஆம் ஆண்டு அவை திறக்கப்பட்டன. இரண்டாம் போரின் பின்னர் புதிய பெயர்களுக்காக விரிவாக்கப்பட்டன. நம் கடலில் இறந்தோரின் பெயர்கள் அவ்வாறு ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால், அவரவர் தாய்நாட்டுக் கரையில் உள்ளன.

அத்தூபிகளின் அமைப்பில் நினைவில் வைக்கத்தக்க செய்தியொன்று உண்டு. அவை உயர்ந்து, கடலிலிருந்து தெளிவாகத் தெரியும்படி கட்டப்பட்டவை. துறைமுகத்தை நோக்கி வருகின்ற மாலுமி அவற்றைக் குறியாகக் கொண்டு வழியறிய வேண்டும் என்பது, அவற்றை அமைக்கத் திட்டமிட்டோரின் நோக்கமாயிருந்தது. இறந்தவர்களின் பெயரைத் தாங்கிய கல், உயிரோடிருப்பவர்களுக்கு வழிகாட்டுகின்றது.

இந்த எண்ணம் தமிழருக்கு அந்நியமானதன்று. நம் முன்னோர் நடுகல் நட்டவர்கள். போரில் வீழ்ந்தவனுக்குக் கல்லைத் தேர்ந்தெடுப்பது முதல், அதனை நீராட்டி, நட்டு, வாழ்த்துவது வரையுள்ள படிகளைத் தொல்காப்பியம் புறத்திணையியலில் வகுத்துக் கூறுகின்றது. பிற்காலத்து நடுகற்கள் தமிழ்நாட்டிலே நூற்றுக்கணக்கிற் கிடைத்துள்ளன. அவற்றைப் படித்துப் பார்த்தால், பல கற்கள் மூன்று செய்திகளைச் சொல்வதைக் காணலாம். எந்த மன்னனின் எத்தனையாவது ஆண்டு என்பது ஒன்று. இறந்தவன் யார், எவ்வூரான் என்பது இரண்டு. எதன்பொருட்டு இறந்தான் என்பது மூன்று. ஊர் ஆனிரைகளை மீட்கப் பட்டான், ஊரைக் காக்கப் பட்டான் என்று அது தெளிவாகச் சொல்லும். காலம், பெயர், காரணம் என்னும் இம்மூன்றும் இருந்தாற்றான் கல் பேசும். பெயர் மட்டும் இருந்தால் அது புலம்பும். காரணமும் இருந்தால் கற்பிக்கும்.

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு மூன்றாவது கல்லினிடம் செல்வோம். அது நாவலடியில் இருக்கின்றது. வாவிக்கும் கடலுக்கும் நடுவே நீண்டுகிடக்கும் ஒடுங்கிய மணற்றிடலே நாவலடி. ஒரு பக்கம் தோணி, மறு பக்கம் வள்ளம் என்று இரண்டு நீரிலும் பிழைத்த மீனவக் குடும்பங்கள் அங்கு வாழ்ந்தன. 2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்து பிறப்புக்கு மறுநாள். காலை ஏழு மணியளவில் சுமத்திராத் தீவுக்கு அப்பால் கடலடி நிலம் பெருமளவில் அதிர்ந்தது. அங்கிருந்து புறப்பட்ட ஆழிப்பேரலை ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் நம் கிழக்குக் கரையை அடைந்தது. நாவலடியில் ஓடி ஒளிக்க இடமில்லை. முன்னாற் கடல், பின்னால் வாவி. இலங்கை முழுவதிலும் முப்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்ட அந்நாளில், இந்த மணற்றிடலின் குடும்பங்கள் பல முழுமையாகவே அழிந்தன. எஞ்சியோர் திராய்மடு என்னுமிடத்தில் குடியேற்றப்பட்டனர். பின்னர் நாவலடியில் நினைவுத் தூபி எழுந்தது. ஆண்டுதோறும் அந்நாளிலே உறவினர் அங்கு சென்று, தம்மவர் பெயரைத் தேடி விளக்கேற்றி மலர் வைக்கின்றனர்.

அந்த இரண்டு மணி நேரத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஆறே முக்கால் மணிக்குப் புறப்பட்ட படகைத் திருப்பியழைக்க றை துறைமுகத்தாருக்குச் சில நிமிடங்களே இருந்தன. ஹேர்மிஸைக் காக்க நின்றோருக்கு ஒன்றிரண்டு மணி நேரம் இருந்தது. நாவலடிக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. ஒரு சிறுவன் கூட அந்த மணற்றிடலிலிருந்து பாதுகாப்பான இடத்துக்கு நடந்து சென்றிருக்கலாம். ஆனால் செல் என்று சொல்ல எவருக்கும் செய்தி வரவில்லை. பசிபிக் சமுத்திரத்துக்கு ஆழிப்பேரலை எச்சரிக்கை நிலையம் 1949 ஆம் ஆண்டிலேயே ஹவாயில் அமைந்துவிட்டது. இந்து சமுத்திரத்துக்கு 2004 வரை அத்தகைய ஏற்பாடு இருக்கவில்லை.

றை துறைமுகத்தில் செய்தி பிந்தி வந்தது. மட்டக்களப்புக் கடலில் செய்தி வந்தும் உதவி பிந்திற்று. நாவலடியில் செய்தியே வரவில்லை. இம்மூன்று கற்களையும் இங்கே அடுத்தடுத்து வைத்துப் பேசியதற்குக் காரணம் இதுவே. கடலில் மனிதரைக் கொல்வது அலை மட்டுமன்று. கரைக்கும் கடலுக்கும் இடையே அறுந்துபோகும் சொல்லும் கொல்கின்றது.

அச்சொல்லைச் செப்பனிடலாம் என்பதையும் வரலாறு காட்டுகின்றது. 1912 ஆம் ஆண்டு தைத்தானிக் மூழ்கியபோது, அருகே நின்ற கப்பலொன்றின் வானொலி இயக்குநர் உறங்கச் சென்றிருந்தமையால் அபயக்குரல் அங்கே கேட்கப்படவில்லை. அதன் பயனாக நாடுகள் கூடி, கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான முதல் உடன்படிக்கையை 1914 ஆம் ஆண்டு செய்தன. கப்பல்களின் வானொலி இடையறாது கேட்கப்பட வேண்டும் என்னும் நியதி அதன் வழியே வந்தது. அவ்வாறே 2004 இன் பின்னர் இந்து சமுத்திர நாடுகள் கூடி எச்சரிக்கை முறையொன்றை அமைத்தன. 2012 ஆம் ஆண்டு ஏப்பிரல் 11 ஆம் நாள் சுமத்திராவுக்கு அப்பால் மீண்டும் பெருநடுக்கம் உண்டாயிற்று. அன்று எச்சரிக்கை வந்தது. நம் கரையோர மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு கடலைவிட்டு அகன்றனர். பேரலை வரவில்லை. வீணாக ஓடினோமே என்று அன்று சலித்துக்கொண்டவர்களும் உண்டு. அது வீண் ஓட்டமன்று. நாவலடித் தூபியில் உள்ள பெயர்கள் ஏழு ஆண்டுகளின் பின்னர் பெற்றுத்தந்த பலன் அது.

இனி, நாம் செய்யத்தக்கது யாது? ஹேர்மிஸின் பெயர்ப் பட்டியல் இருக்கின்றது. மேரி ஸ்ரான்போர்டின் பட்டியல் இருக்கின்றது. நாவலடிக்கும் கல் இருக்கின்றது. ஆயின் ஒவ்வொரு மாரியிலும் ஒன்று, இரண்டு என்று கடல் கொண்ட மீனவர்களின் பட்டியல் எங்கே? அயல் வள்ளம் கவிழக் கண்டு, தன் வலையை அறுத்துவிட்டு உதவிக்குச் சென்று, தானும் திரும்பாதவனின் பெயரை எந்தக் கல் தாங்கியிருக்கின்றது? நம் கடலிற் செல்வோர் தம்மை உயிர்காப்போர் என்று சொல்லிக்கொள்வதில்லை. ஆயினும் பக்கத்து வள்ளம் ஆபத்திலிருக்கக் கண்டு கரைக்குத் திரும்பியவனை எந்த மீனவக் குப்பமும் மதிப்பதில்லை. எழுதாத அச்சட்டத்துக்குப் பணிந்து இறந்தவர்கள், றை துறைமுகத்துப் பதினேழு பேருக்கு எவ்வகையிலும் தாழ்ந்தவர்கள் அல்லர்.

பெருஞ்செலவு செய்து தூபி எழுப்ப வேண்டும் என்று நான் சொல்லவில்லை. முதலிலே ஒரு கொப்பி போதும். ஒவ்வொரு கரையிலும் உள்ள மீனவர் சங்கம், முதியோரைக் கேட்டு, கடலில் இறந்தோரின் பெயர்களை அதில் எழுதிவைக்கட்டும். பெயரோடு ஆண்டையும், முடிந்தவரை காரணத்தையும் எழுதட்டும். காற்று மாறும் என்ற அறிவிப்பைக் கேளாது சென்றானா? கேட்டும் வறுமை துரத்தச் சென்றானா? இயந்திரம் பழுதாயிற்றா? உயிர்காப்புக் கச்சை இருந்ததா, அது வள்ளத்தின் அடியில் மடித்துக் கிடந்ததா? முகத்துவாரத்து மணல் அவ்வாண்டு எங்கே திரண்டிருந்தது? இவ்வினாக்களுக்கு விடை எழுதப்படுமாயின், அக்கொப்பியே இளைஞருக்கு ஒரு கடற்பாட நூலாகும். கல் பின்னர் வரட்டும். அது ஆலய வாயிலிலோ, பள்ளிவாசலின் அருகிலோ, சேமக்காலையிலோ, வெளிச்சவீட்டின் கீழேயோ நிற்கலாம். எல்லாச் சமயத்தாரின் பெயரும் ஒரே கல்லில் இருப்பது இன்னும் நன்று. கடல் அவர்களைப் பிரித்துப் பார்த்து எடுத்துக்கொள்ளவில்லை.

நீருக்கடியில் ஹேர்மிஸைக் காண இப்போது சுழியோடிகள் செல்கின்றனர். அது இரும்புக் குவியலன்று, 1942 ஏப்பிரல் 9 ஆம் நாள் இறந்தவர்களின் கல்லறை. கோயிலுக்குச் செல்வோர் அங்குள்ளதை எடுத்துவருவதில்லை அல்லவா? அந்த மரியாதை அதற்கும் உரியது. பிறநாட்டு மாலுமிகளின் இறுதித் துயிலைக் காக்கும் பொறுப்பை அந்நாள் மட்டக்களப்புக் கடலின் கையில் ஒப்படைத்துவிட்டது.

நேயர்களே, நீங்கள் இப்பேச்சைக் கேட்கும் வானொலிப் பெட்டியே கரையையும் கடலையும் இணைக்கும் சொல்லுக்கு வாகனம். பாட்டும் நாடகமும் முடிந்தபின் வரும் காலநிலை அறிவித்தலை, அது நமக்கன்று என்று எண்ணிப் பெட்டியை நிறுத்திவிடாதீர்கள். உங்கள் வீட்டிலோ அயல் வீட்டிலோ கடலுக்குப் புறப்படும் ஒருவர் இருப்பார். அவர் காதில் அதனைப் போடுங்கள். றை துறைமுகத்தார் எறிந்த சமிக்கை வெடிகளை அப்பதினேழு பேரும் காணவில்லை. நமக்கு வரும் சமிக்கை நம் வீட்டுக்குள்ளேயே ஒலிக்கின்றது. அதைக் கேட்டவர் கேளாதவருக்குச் சொன்னால், நாம் எழுதவேண்டிய அந்தக் கொப்பியிலே பக்கங்கள் வெறுமையாக இருக்கும். இறந்தவர்களுக்கு நாம் வைக்கக்கூடிய கல் அதைவிடச் சிறந்தது இல்லை.